தபேலாவுக்குப் பக்கத்து இடம்

கச்சேரிக்குப் போனால் நான் நடுவில் உட்காருவதில்லை. தபேலாவும் டோலக்கும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம், மேடையை ஒட்டி, ஓரமாக. நடுவில் இருந்து பார்த்தால் பாடகர் தெரிவார், அவர் போட்டிருக்கும் மினுமினுப்புச் சட்டை தெரியும். ஓரத்தில் இருந்தால்தான் வேலை நடப்பது தெரியும். யார் யாருக்குக் கண் காட்டுகிறார், அடுத்த பாட்டின் ஸ்கேலை மறந்துவிட்டு கீபோர்டுக்காரர் காதில் யார் கிசுகிசுக்கிறார், அரைமணி நேரமாக டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டிருப்பவர் எப்போது உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறார், எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். "ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு என்னத்தைக் கேக்கறீங்க?" என்று கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் சேலத்தில் குகை என்கிற பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். சென்னைக்காரர்களுக்கு மார்கழி என்றால் சேலத்துக்காரர்களுக்கு ஆடி. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, அன்னதானப்பட்டி என்று ஊரில் இருக்கிற மாரியம்மன்கள் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். பேட்டைக்குப் பேட்டை பந்தல், பேட்டைக்குப் பேட்டை மைக் செட். கால் வலிக்காத வயதில் ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று மேடைகளைப் பார்த்துவிடலாம். எங்கள் செட்டு அதைத்தான் செய்தது. ஒரு மேடையில் பாட்டுக்காரர் சொதப்பினால் எழுந்து அடுத்த பேட்டைக்கு நடை. டிக்கெட் கிடையாது, இடம் பிடிக்க ஒரு பழைய துண்டு போதும். வழியில் தட்டுவடை செட்டு. தட்டுவடையின் காரச் சட்னி வாய்க்குள் இருக்கும்போது தூரத்து மேடையிலிருந்து காற்றில் வரும் பாட்டின் முதல் இரண்டு நோட்டை வைத்தே இது எந்தப் படம், எந்த வருடம் என்று பந்தயம் கட்டுவோம்.

ஆனால் நான் முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்த வாத்தியக் குழு சினிமாப் பாட்டுக் குழு அல்ல. வண்டி வேடிக்கைக்கு முன்னால் நடந்து போகும் பம்பைக்காரர்கள். வண்டி வேடிக்கை தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்கள் சிவன், பார்வதி, முருகன் என்று சாமி வேஷம் கட்டி, அலங்காரம் செய்த வண்டிகளில் நிற்க, அது ஊர்வலமாக வரும். விடிய விடியக் கூட்டம் நிற்கும். எல்லோரும் வண்டியைப் பார்ப்பார்கள். எனக்குக் கீழே நடப்பவர்கள்மேல் கண் போய்விட்டது. பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம். ஒன்று மரம், ஒன்று வெண்கலம். இடுப்பில் தொங்கவிட்டுக் குச்சியால் அடிப்பார்கள். கூடவே உடுக்கை, சிலம்பு. சிலம்பு ஆட்டுகிறவர் அந்த வளையத்துக்குள் இருக்கும் பரல்களை மொத்தமாக ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, பம்பையின் அடி முடியும் இடத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து கொட்டுவார். அது ஒரு நொடி முந்தினாலும் அசிங்கமாக இருக்கும். முந்தவே முந்தாது. அவர் முகத்தில் ஒரு பாவமும் இருக்காது, ஏதோ பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி இருப்பார். இந்த முகத்தை அப்புறம் நான் பல மேடைகளில் பார்த்தேன். நன்றாக வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்கும்போது முகத்தில் ஒன்றும் நடப்பதில்லை.

எண்பதுகளின் ஆடி மேடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடை என்றால் பீப்பாய்மேல் பலகை அடுக்கி, பின்னால் ஒரு சீலை. மூங்கில் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர்கள், கீழே அஹூஜா ஆம்ப்ளிஃபையர். மைக் செட்டுக்காரர் விரலால் மைக்கைத் தட்டி "ஹலோ மைக் டெஸ்டிங்" சொன்னதும் ஒரு கீச்சு வரும், குழந்தைகள் காதைப் பொத்தும். முதல் பாட்டு பிள்ளையாருக்கு, இரண்டாவது அம்மனுக்கு. அதற்கு அப்புறம்தான் கணக்கு தீர்க்கிற வேலை. எம்.ஜி.ஆருக்கு ஒன்று போட்டால் சிவாஜிக்கு ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் துண்டுச் சீட்டு மலைபோல் வந்துவிடும். நடுநடுவே பாட்டை நிறுத்திவிட்டு, "நம் பேட்டையைச் சேர்ந்த இன்னார் அவர்கள் இந்தப் பாட்டைப் பாராட்டி அன்பளிப்பாக ரூபாய் ஐம்பத்தொன்று" என்று அறிவிப்பார்கள். ஐம்பத்தொன்று கொடுத்தவரின் பெயர் மூன்று தடவை வரும். வாசித்தவர்களின் பெயர் கடைசியில், கூட்டம் எழுந்து பாய் சுருட்டும்போது, ஒரே மூச்சில் சொல்லப்படும். எனக்கு அதில் எப்போதும் ஒரு கடுப்பு உண்டு.

ஏனென்றால் அவர்கள் செய்கிற வேலை சாமான்யமானது அல்ல. சென்னையில் ஸ்டுடியோவில் வரிசையாக வயலின்கள் உட்கார்ந்து, செல்லோ, குழல், வீணை, இரண்டு மூன்று கிதார், தனித்தனியாகத் தாள வாத்தியங்கள் என்று பதிவான ஒரு பாட்டை, எங்கள் ஊரில் எட்டுப் பேர் வாசிக்க வேண்டும். அதுவும் காகிதத்தில் ஒரு நோட்ஸும் கிடையாது. டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பக் கேட்டு, காதாலேயே பிரித்து எடுப்பார்கள். எது இல்லாவிட்டால் பாட்டே இல்லை, எது இல்லாவிட்டாலும் கூட்டம் கண்டுபிடிக்காது என்று முடிவு செய்வதில்தான் ஒரு குழுவின் மூளை தெரியும். வயலின் கூட்டத்தின் மேல் வரி மட்டும் கீபோர்டின் வலது கைக்குப் போகும். கீழ் வரிகளை இடது கை இரண்டு மூன்று ஸ்வரங்களாகச் சுருக்கிப் பிடிக்கும். வீணை வரும் இடத்தை மாண்டலின்காரர் வாங்கிக்கொள்வார். குழல்காரர் வராத நாளில் அந்த இடத்தை விசிலடித்தே சமாளித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கூட்டம் அதற்குத்தான் ஒன்ஸ் மோர் கேட்டது.

என் அபிமானக் குழு ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம், அதில் இருந்தவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். அதில் பாங்கோஸ் வாசித்தவர் பகலில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தார். கொலுசுக்கு மணி பற்றவைக்கிற வேலை. விரல் நுனிகளில் சின்னச் சின்னத் தீக்காயங்கள் ஆறியும் ஆறாமலும் இருக்கும், அந்த விரல்களால்தான் தோலில் அடிப்பார். பாட்டில் சலங்கைச் சத்தம் வரும் இடத்தில் மற்ற குழுக்காரர்கள் டாம்பரினைக் குலுக்குவார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்துக் கொலுசை எடுப்பார். பட்டறையில் எடை குறைந்து தள்ளிப்போட்டவை. அவற்றை ஒரு நூலில் கோத்து, மைக்குக்குக் கீழே பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைப்பார். அந்தச் சத்தம் ஸ்டுடியோவில் வந்த சத்தத்தைவிட நன்றாக இருக்கும் என்று நான் அப்போது சத்தியம் செய்திருப்பேன். இப்போதும் செய்வேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஏதோ எஃபெக்ட் என்றுதான் தெரியும். ஓரத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் அந்தக் கொலுசு தெரியும்.

1982-க்குப் பிறகு ஊரில் இருந்த கிதார்க்காரர்களுக்கெல்லாம் ஒரு பரீட்சை வந்தது. 'இளைய நிலா'. அந்தப் பாட்டு கிதாரில்தான் ஆரம்பிக்கும், ஒளிந்துகொள்ள வேறு வாத்தியம் எதுவும் இருக்காது. அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொன்னதும் அதுவரை கடலை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் வாயை நிறுத்தும். பாடகரை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் மொத்தக் கூட்டமும் ஓரத்துக்குத் திரும்பும். அம்மாபேட்டையில் ஒரு குழு இதைப் போடாமலேயே பல வருடம் ஓட்டியது. சீட்டு வந்தால், "அடுத்து வருகிறது" என்பார்கள். வராது.

இந்த ஊர் இசைக்காரர்களுக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. ஏற்காடு போகிற ரோட்டில் இப்போது ஒரு நுழைவு வளைவு மட்டும் நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ், அதை டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கினார். நூற்றுக்கும் மேலான படங்கள் அங்கிருந்து வந்தன. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் 1956-இல் அவர்கள் எடுத்ததுதான். ஜி.ராமநாதனும், கே.வி.மகாதேவனும், பின்னால் வேதாவும் அந்த நிறுவனத்தின் படங்களுக்கு இசையமைத்தவர்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்களுக்கு மாதச் சம்பளம். எங்கள் தெருவில் அப்படிச் சம்பளம் வாங்கிய கிளாரினெட் தாத்தா ஒருவர் இருந்தார். ஸ்டுடியோ போன பிறகு கல்யாண பேண்டு செட்டில் வாசித்தார், அதுவும் போன பிறகு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வருகிற பாட்டையெல்லாம் திட்டினார். ஆடிக் கச்சேரிக்கு அழைத்தால் வர மாட்டார். ஆனால் மறுநாள் காலை, "ராத்திரி மூணாவது பாட்டுல வயலின் சுருதி கால் கட்டை எறங்கியிருந்துச்சே, கவனிச்சியா கண்ணு?" என்று கேட்பார். வீட்டுக்குள் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். நான் கவனித்திருக்க மாட்டேன். அடுத்த வாரம் கவனிப்பேன்.

பொருட்காட்சி போஸ் மைதானத்தில் நடந்த காலத்தில் பெரிய குழுக்கள் வரும். அங்கே ஓரத்தில் உட்கார முடியாது, கயிறு கட்டிவிடுவார்கள். எனவே அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. டெல்லி அப்பளம் நன்றாக இருக்கும்.

ஏற்காடு கோடை விழா அப்படியல்ல. மே மாதக் கடைசியில், மலர்க்காட்சிக்குக் கூட்டம் ஏறும் நாட்களில், சாயங்காலம் ஆட்டம் பாட்டு என்று மேடை நிகழ்ச்சிகள் இருக்கும். கீழே ஊர் அடுப்பாக எரியும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரத்துக்குப் போய் இறங்கினால் ஸ்வெட்டர் போட்டவர்கள் நடமாடுவார்கள். எங்களைப் போன்ற கீழூர்க்காரர்களுக்கு அந்தக் குளிர் சுகம். வாத்தியங்களுக்கு அது சனி.

ஒரு வருடம் மதியம் மழை பெய்து ஓய்ந்து, ஏரிப் பக்கமிருந்து பனி மேடைக்கே வந்துவிட்டது. டோலக்கின் தோல் ஈரத்தை வாங்கித் தொய்ந்துபோனது. தட்டினால் 'டப்' என்று அட்டைப்பெட்டிச் சத்தம். தபேலாக்காரராவது சுத்தியலை எடுத்துக் கட்டைகளைத் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டார். டோலக்காரர் எழுந்துபோய், மேடை ஓரம் எரிந்துகொண்டிருந்த ஃபோகஸ் லைட்டுக்கு முன்னால் டோலக்கைக் குழந்தைபோல் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று காய்ச்சினார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் லைட்டுக்குப் போவார், விரலால் சுண்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், திரும்பி வருவார். லைட் மறைவதால் அந்தச் சமயங்களில் பாடகி பாதி இருட்டில் நின்றார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

குழல்காரர் பாடு இன்னும் மோசம். குளிரில் மூங்கில் குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். கீபோர்டு எந்தக் குளிரிலும் அதே இடத்தில் நிற்கும். மற்ற வாத்தியங்களை முறுக்கி ஏற்றலாம், குழலை என்ன முறுக்குவது? சுருதிக் கட்டைக்கு ஒரு குழல் என்று பை நிறைய வைத்திருப்பார்கள், ஆனால் கொஞ்சம் இறங்கின சுருதிக்கு என்று தனிக் குழல் கிடையாது. அந்த மனிதர் அடுத்த மூன்று பாட்டுக்கு வேண்டிய குழல்களைச் சால்வைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டார். தன் இடம் வருவதற்குச் சற்று முன் ஒன்றை உருவி, சத்தம் வராமல் உள்ளே மூச்சை ஊதிச் சூடாக்கி, வாசித்து முடித்ததும் மறுபடி உள்ளே. சுருதி விலகவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓரிரண்டு இடத்தில் உதட்டைத் திருப்பி ஏற்றிப் பிடித்ததை நான் பார்த்தேன். கடைசிப் பஸ்ஸுக்கு ஓடும் வழியில் என் கூட்டாளிகள் பாடகியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் பேசினது சால்வையைப் பற்றி.

எஸ்.பி.பாலசுப்ரமணியம் வளர்ந்துவந்த நாட்களில் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் அவருடைய சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள். 1976-இல் 'அன்னக்கிளி' வந்து இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் அந்தக் கச்சேரிகளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், நடுவில் பாடியவரை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள்? இதை யாரிடம் சொன்னாலும், "அதுக்காக எல்லா டோலக்காரரும் இளையராஜா ஆயிருவாரா?" என்று கேட்பார்கள். ஆக வேண்டியதில்லை. டோலக்காரராக இருந்தாலே பார்க்க வேண்டியவர்தான்.

எங்கள் அக்கா மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் என் ரசனைக்கு ஒரு புதுத் தலைவலி வந்தது. அவன் கல்லூரியில் படிக்கும்போதே அறைச் சுவரில் அயர்ன் மெய்டன் என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் படம் ஒட்டி வைத்திருந்தான். அந்தக் குழுவின் சின்னமான, மண்டை ஓட்டு முகம் உள்ள 'எட்டி' என்கிற உருவத்தைப் பார்த்து எங்கள் அக்கா விபூதி பூசிவிட்டுப் போனாள். 2007 மார்ச் 17, பெங்களூர் அரண்மனை மைதானம், அந்தக் குழுவின் கச்சேரி. "மாமா, நீங்க வந்தே ஆகணும். ஆடிக் கச்சேரியெல்லாம் சும்மா." இந்த வார்த்தைக்காகவே போனேன். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பஸ், மைதானத்துக்கு வெளியே கருப்புச் சட்டைப் பட்டாளம். வேட்டியைத் தவிர்த்துவிட்டுப் பேன்ட் போட்டுக்கொண்டு போனது என்னுடைய புத்திசாலித்தனம்.

முதலில் டெல்லியிலிருந்து வந்த பரிக்ரமா வாசித்தார்கள். ராக் குழுவில் வயலின்! எனக்கு உடனே உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அப்புறம் மெய்டன். மூன்று கிதார்: டேவ் மர்ரி, ஏட்ரியன் ஸ்மித், யானிக் கெர்ஸ். இவர்கள் மூவரும் ஒன்றாக இருப்பது 1999 முதல். என் மருமகன் கூட்டத்தின் நடுவுக்கு இழுத்தான். நான் அவனை ஓரத்துக்கு இழுத்தேன். வயது காரணமாக நான் ஜெயித்தேன். ஓரத்திலிருந்து பார்த்தபோது கண்ணுக்குத் தெரிந்தது எனக்கு ரொம்பப் பழகின விஷயம்: வேலைப் பங்கீடு. ஒருவர் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற இருவர் ஒரே மெட்டை ஒன்றுக்கொன்று சற்று உயரத்தில் வைத்துச் சேர்ந்து போகிறார்கள். தனி ஆவர்த்தனம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறும்போது கண் காட்டல். பேஸ் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு காலைத் தூக்கி மானிட்டர்மேல் வைத்துக்கொண்டு, விரலாலேயே குதிரைப் பாய்ச்சல் தாளத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த நிக்கோ மெக்பிரெயின் நடுவில் நின்றவர்களுக்குக் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார். அத்தனை தொட்டிகள், அத்தனை தட்டுகள். ஆனால் காலில் ஒரே பெடல்தான், இரட்டைப் பெடல் இல்லாமலேயே அந்த வேகம். "அவரு வெறுங்கால்லதான் வாசிப்பாரு மாமா" என்றான் மருமகன், ஏதோ அதிசயம் சொல்வது மாதிரி. எங்கள் ஊரில் மேடை கோயிலுக்கு எதிரில் இருப்பதால் எல்லா டிரம்மரும் வெறுங்கால்தான் என்றேன். அவன் பேசவில்லை.

ஒரு பாட்டில், வார்த்தையே இல்லாத கிதார் மெட்டை மைதானம் முழுவதும் சேர்ந்து பாடியது. பல்லவியை அல்ல, கிதாரை. நான் அதைக் கேட்டுக் கொஞ்சம் ஆடிப்போனேன். எங்கள் ஊரில் இடையிசையைக் கூட்டம் பாடி நான் கேட்டதில்லை, பல்லவிக்குத்தான் சேர்வார்கள். ஓரத்து ஆளின் வாசிப்பை மனப்பாடம் செய்து, அவருக்கே திருப்பிப் பாடிக் காட்டுகிற ஒரு ஜனம் உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். விடிகாலை ஓசூரில் டீ குடிக்கும்போது அந்த மெட்டு எனக்கும் வந்துவிட்டது. 2011 அக்டோபரில் அதே மைதானத்தில் மெட்டாலிகா என்கிற இன்னொரு ராக் குழு, அதற்கும் போனோம். சேறு, தள்ளுமுள்ளு, ஓரம் என்று ஒன்றே இல்லை. ஊரே மெச்சின கச்சேரி. எனக்கு என் செருப்பு ஞாபகம்தான் இருக்கிறது.

சென்னைக்கு இளையராஜா கச்சேரிக்குப் போனதைப் பற்றியும் கேட்பார்கள். நேரு உள்விளையாட்டரங்கில், கூரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கீழே வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஸ்டாண்டு, எழுதின நோட்ஸ். காதால் பிரித்து எடுத்த பாட்டுகளின் அசல் காகிதம் அது என்று நினைத்தபோது, எங்கள் ஊர்க் கீபோர்டுக்காரர் இங்கே இருந்தால் எந்த வரியைத் தான் சரியாகப் பிடித்தோம் என்று சரிபார்த்திருப்பாரே என்று தோன்றியது. அவ்வளவு உயரத்திலிருந்து வேறொன்றும் தெரியவில்லை.

மறக்க முடியாதது வேறொரு கச்சேரி. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம், காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் மேடை. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிதார், டிரம்ஸ், கூடவே பறை, சட்டி, கட்டமோளம். எங்கள் ஊரில் பறை அடிப்பவர்கள் சாவு ஊர்வலத்தில் முன்னால் நடப்பார்கள். வேலை முடிந்ததும் அவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை. பம்பைக்காரர்களும் வண்டிக்குக் கீழேதான் நடந்தார்கள், வண்டிமேல் ஏறியதில்லை. சின்ன வயதில் நான் அதை வேடிக்கையாக மட்டும் பார்த்தேன், யார் மேலே, யார் கீழே, ஏன் என்றெல்லாம் யோசித்தவனில்லை. கீழ்ப்பாக்கத்து மேடையில் அந்த வாத்தியங்கள் நட்டநடுவில் நின்றன, வெளிச்சமும் அவர்கள்மேல்தான். வழக்கம்போல் ஓரத்தில் போய் நின்ற எனக்கு எதுவும் தெரியவில்லை. நகர்ந்து நடுவுக்கு வந்து பார்த்தேன்.

இப்போது ஊர் நிலவரம். ஆடி மேடைகள் குறையவில்லை, வெளிச்சம் கூடியிருக்கிறது. பின்னால் எல்இடி திரை, முன்னால் புகை. குழுவில் பாடகர்கள் ஆறு பேர், வாசிக்கிறவர்கள் இரண்டு பேர்: ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட். மற்றதெல்லாம் லேப்டாப்பில் முன்பே பதிவு செய்து வைத்திருக்கும் டிராக். இது திடீரென்று வந்ததல்ல. யமஹா டிஎக்ஸ்-7 கீபோர்டு வந்தது 1983-இல், குச்சியால் தட்டுகிற மின்னணுத் தாளக் கருவியான ரோலண்டின் ஆக்டோபேடு 1985-இல். எங்கள் ஊர் மேடைக்கு அவை வந்துசேரச் சில வருடம் பிடித்தது. பேடு வந்ததும் தும்பாக்காரரும் பாங்கோஸ்காரரும் போனார்கள். கீபோர்டில் நல்ல சத்தங்கள் வந்ததும் வயலினும் அக்கார்டியனும் போயின. பேடு வாசித்தவர்களும் கெட்டிக்காரர்கள்தான், நான் குறை சொல்ல மாட்டேன். எட்டுத் தட்டில் ஒரு தாள வாத்தியக் கூட்டத்தையே குச்சியால் எழுப்புவது எளிதல்ல. விழாக் குழுவுக்கும் கணக்கு இருக்கிறது. பத்துப் பேருக்குக் கூலி, வேன், சாப்பாடு கொடுப்பதைவிட நாலு பேருக்குக் கொடுப்பது லேசு.

நேரமும் ஒரு காரணம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக மாநில அரசு வருடத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். எங்கள் காலத்தில் கச்சேரி சூடு பிடிப்பதே பதினொரு மணிக்கு மேல்தான். ஆனாலும் பத்து மணி விதியை நான் ஆதரிக்கிறேன், கூட்டாளிகள் திட்டினாலும் சரி. எங்கள் தெருவில் பிரசவமான வீட்டுக்காரர்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டிராக் விஷயத்தில் மட்டும் சமாதானம் ஆக முடியவில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். பழைய குழுவில் பள்ளிக்கூடம் படிக்கிற பெண் ஒருத்தி முதல் தடவை மேடையேறினாள். இரண்டாவது சரணத்தின் முதல் வார்த்தை மறந்துவிட்டது. வாய் திறந்தபடி நிற்கிறாள். தபேலாக்காரர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ஏதோ அங்கே தனக்கு ஒரு தனி இருப்பது மாதிரி ஒரு ஆவர்த்தனம் உருட்டினார். குழல்காரர் பல்லவி மெட்டை எடுத்து மெல்ல வாசித்தார். அதற்குள் கீபோர்டுக்காரர் உதட்டை அசைத்து அவளுக்கு அந்த வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிட்டார். அவள் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது, தபேலா பிரமாதம் என்று. ஒரு பெண் தடுமாறியதே அவர்களுக்குத் தெரியாது. போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ இதே மாதிரி ஒரு பையன் டிராக்கில் பாடும்போது தடுமாறினான். டிராக் அவனுக்காக நிற்கவில்லை. வயலின்கள் எல்லாம் அழகாக வாசித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போய்விட்டன. அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஓரத்தில் இருந்து பார்த்தபோது அது சிரிப்பாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் எங்கள் தெரு விழாக் குழுவில் என்னையும் இந்த வருடம் சேர்த்துவிட்டார்கள். வாயை அடைக்கத்தான். "ரொம்பப் பேசறீங்களே, நீங்களே ஏற்பாடு பண்ணுங்க மாமா" என்றான் பொருளாளர் பையன். எல்இடி திரையை வேண்டாம் என்றேன். வீட்டில் செத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கடைசியில் பாதித் திரைக்கு ஒத்துக்கொண்டு, மிச்சமான பணத்தில் ஆட்களைத் தேடினேன். ஆடியில் ஒரு சௌகரியம்: கல்யாணம் கிடையாது, பேண்டு செட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்கள். டிரம்பெட் இரண்டு, கிளாரினெட் ஒன்று சுலபமாகக் கிடைத்தன. கிளாரினெட் வாசிக்க வருகிறவர் அந்தத் தாத்தாவின் பேரன், ஆனால் தாத்தாவைப் போலத் திட்டுவதில்லை. கொலுசுப் பட்டறைக்காரருக்கு இப்போது கை நடுக்கம், பாங்கோஸ் முடியாது என்றார். கொலுசுக் கொத்தை மட்டும் வந்து ஆட்டுகிறாராம். வாசிக்கிறவர்கள் பெயரை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலேயே சொல்ல வேண்டும், ஐம்பத்தொன்று கொடுத்தவர் பெயர் கடைசியில் என்று தீர்மானத்தில் எழுதி வாங்கிவிட்டேன். அன்பளிப்பு குறைந்துவிடும் என்று பொருளாளர் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

தபேலாக்காரர்தான் இழுக்கிறார். அதே நாளில் அம்மாபேட்டையிலும் அவருக்கு ஒரு மேடை இருக்கிறதாம். எட்டரைக்குள் அங்கே முடித்துக்கொண்டு பைக்கில் வந்துவிடுவேன் என்கிறார். எங்களுக்குப் பத்து மணிக்கு மைக் ஆஃப். இரண்டு பிள்ளையார் பாட்டு சேர்த்துப் போட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.